உடன்குடி கருப்பட்டியைக் காய்ச்சுவது யார்? பாக்கெட்டில் இல்லாத பெயரும் ஒரு செல்போன் கேமராவும்

இன்ஸ்டாகிராமில் 'பனை' என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் ஒரே மாதிரி வீடியோதான் வரும். ஒருவர் காலில் தளைநார் மாட்டிக்கொண்டு மரத்தில் ஏறுகிறார். மேலே பாளையைச் சீவுகிறார். கலயத்தில் சொட்டியிருக்கும் பதநீரைக் கொண்டுவந்த குடுவையில் ஊற்றிக்கொண்டு இறங்குகிறார். அடுத்த காட்சியில் சிரட்டை வடிவத்தில் கருப்பட்டி அடுக்கி வைத்திருக்கிறது. பின்னணியில் ஒரு பாட்டு. முடிஞ்சுது.

இந்த இரண்டு காட்சிக்கும் நடுவில் மணிக்கணக்கான வேலை ஒன்று இருக்கிறது. புகையில், அனலில், ஒரு நிமிஷம்கூட நகராமல் செய்யும் வேலை. வீடியோவில் வெட்டப்படுவது அதுதான். அதைச் செய்பவர் பெரும்பாலும் ஒரு பெண்.

தூத்துக்குடி மாவட்டம் உடன்குடியின் பனங்கருப்பட்டிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஊரின் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு வந்துவிட்டது. காய்ச்சிய கையின் பெயர்? பண்ணை வாழ்க்கையை நேரடியாக நுகர்வோருக்குக் காட்டும் இளம்பெண்கள் உலகம் முழுக்கப் பெருகிவரும் நேரத்தில், பனங்காட்டில் இந்தக் கேள்விக்குத் தனி எடை இருக்கிறது.

விடிலிக்குள் என்ன நடக்கிறது?

பனங்காட்டுக்கு நடுவே ஓலை வேய்ந்த சின்னக் குடிசை இருக்கும். அதற்கு விடிலி என்று பெயர். மாசி, பங்குனியில் பதநீர் சீசன் தொடங்கினால் ஆடி வரைக்கும் பனைக் குடும்பத்தின் வாழ்க்கை இந்த விடிலியைச் சுற்றித்தான்.

விடிவதற்கு முன்பே பனையேறி கிளம்பிவிடுவார். கலயத்தின் உள்பக்கம் முதலிலேயே சுண்ணாம்பு தடவியிருப்பார்கள். சுண்ணாம்பு இருந்தால் பதநீர். இல்லையென்றால் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை இருப்பதால், கலயத்துக்குள் தெரியும் அந்த வெள்ளைப் பூச்சு ருசிக்கு மட்டுமல்ல, சட்டத்துக்கும் சேர்த்துத்தான்.

இறக்கிய பதநீர் காத்திருக்காது. வெயில் ஏற ஏற அது கெட ஆரம்பிக்கும். புளித்துவிட்டால் அதிலுள்ள சர்க்கரை உடைந்துபோய், எவ்வளவு காய்ச்சினாலும் கட்டி பிடிக்காது. அதனால் வடிகட்டி உடனே அடுப்பில் ஏற்றியாக வேண்டும். விறகு என்று தனியாக வாங்குவது குறைவு. காய்ந்த ஓலை, மட்டை, சுற்றுவட்டாரத்து முள்செடி என்று கிடைப்பதை எல்லாம் வைத்து எரிப்பார்கள். இந்த எரிபொருளைச் சேர்த்து வைப்பதும் பெரும்பாலும் பெண்களின் வேலை. அது எந்தக் கணக்கிலும் வராது.

பதநீர் கொதித்துப் பொங்கும்போது இடித்த ஆமணக்கு முத்தைக் கொஞ்சம் போடுவார்கள். நுரை அடங்கிவிடும். வெள்ளையாக இருந்த நீர் மஞ்சளாகி, பழுப்பாகி, பாகாக இறுகும். அந்தப் பாகை ஒரு துளி எடுத்துத் தண்ணீரில் விட்டு, விரலால் உருட்டிப் பார்த்துப் பதம் சொல்வார்கள். பதத்துக்கு முன்னால் இறக்கினால் கட்டி நிற்காது. தாண்டினால் கருகல் வாடை. தெர்மாமீட்டர் கிடையாது, விரல்தான். பிறகு கிளறி, சிரட்டையில் ஊற்றி ஆறவிட்டால் கருப்பட்டி.

ஒரு கிலோ கருப்பட்டிக்குச் சுமார் 8 முதல் 10 லிட்டர் பதநீர் வேண்டும். இந்தக் கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

சுக்கு சேர்த்தால் சுக்குக் கருப்பட்டி. சின்னச் சின்ன வில்லையாக ஊற்றினால் சில்லுக் கருப்பட்டி; 2019-ல் வந்த படத்தின் பெயரால் இந்தச் சொல் சென்னைக்காரர்களுக்கும் பழக்கமாகிவிட்டது. திருச்செந்தூருக்குப் போய்விட்டு வருகிறவர்கள் பையில் பனங்கிழங்கோடு இதுவும் ஒரு பொட்டலம் இருக்கும்.

ஏன் உடன்குடி?

உடன்குடியும் அதைச் சுற்றிய ஊர்களும் தேரி நிலம். கண்ணுக்கு எட்டின தூரம் வரை செம்மணல். தாமிரபரணி வடக்கே ஓடிப் புன்னைக்காயலில் கடலில் கலந்துவிடுகிறது. ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து வரும் தண்ணீர் கடைமடையான இந்தப் பக்கம் வந்து சேர்வதற்குள் மெலிந்துவிடும். நெல்லுக்கும் வாழைக்கும் தண்ணீர் உள்ள ஊர்கள் ஆற்றை ஒட்டி இருக்க, இங்கே நின்றது பனை. 1986-ல் திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து தூத்துக்குடி தனியாகப் பிரிந்தபோது இந்தத் தேரிக்காடும் புது மாவட்டத்துக்குப் போனது.

பனையை நம்பி இங்கே தொழிற்சாலையே இருந்தது என்பது பலருக்கும் தெரியாது. கடந்த நூற்றாண்டின் முதல் பாதியில் பக்கத்துக் குலசேகரன்பட்டினத்தில் பாரி நிறுவனத்தின் சர்க்கரை ஆலை, பனையின் இனிப்பை மூலப்பொருளாக வைத்து இயங்கியது. அந்த ஆலைக்காகத் திசையன்விளையிலிருந்து உடன்குடி வழியாகத் திருச்செந்தூர் வரை குட்டி ரயில்கூட ஓடியது. 1940-ல் அதுவும் நின்றுபோனது. இப்போது அதே குலசேகரன்பட்டினத்தில் இஸ்ரோவின் இரண்டாவது ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள். ரயில் வந்து போனது, ராக்கெட் வரப்போகிறது. விடிலி அடுப்பு மட்டும் ஏறக்குறைய அதே அடுப்பு.

காட்டுவதால் யாருக்கு லாபம்?

கருப்பட்டி வாங்குகிற எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான்: "இது ஒரிஜினல்தானா?"

நியாயமான சந்தேகம். சீனி கலந்த கருப்பட்டி சந்தையில் தாராளமாகப் புழங்குகிறது. இங்கேதான் முன்பு சொன்ன கணக்கு. ஒரு லிட்டர் பதநீர் 50 ரூபாய் என்று குறைத்தே வைத்துக்கொண்டாலும், 8 லிட்டருக்கு 400 ரூபாய். விறகு, கூலி, போக்குவரத்து எதையும் இதில் சேர்க்கவில்லை. இதைவிடக் குறைவாக ஒரு கிலோ 'சுத்தமான' கருப்பட்டி கிடைத்தால் எங்கோ சீனி இருக்கிறது என்று அர்த்தம்.

உடைத்துப் பார், தண்ணீரில் கரைத்துப் பார், உள்ளே மின்னினால் கலப்படம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் சோதனைகளை ரொம்ப நம்ப வேண்டாம். பதநீரில் இருக்கும் முக்கியமான சர்க்கரை சுக்ரோஸ். கரும்புச் சீனியும் அதே சுக்ரோஸ். வீட்டுச் சமையலறையில் இரண்டையும் பிரித்துச் சொல்வது கஷ்டம். ஆய்வகத்தில் முடியும்: கரும்பும் பனையும் காற்றிலிருந்து கார்பனை எடுத்துக்கொள்ளும் முறை வேறுவேறு என்பதால், கார்பன் ஐசோடோப்பு விகிதத்தைப் பார்த்தால் கரும்பின் கைவரிசை தெரிந்துவிடும். தேனில் கலப்படம் பிடிக்கவும் இதே வழிதான். ஆனால் ஒரு கிலோ கருப்பட்டி வாங்க யார் ஆய்வகத்துக்குப் போவார்கள்?

அப்போ மிச்சமிருப்பது நம்பிக்கை. யார் காய்ச்சினார்கள், எங்கே, எந்தச் சீசனில் என்று கண்ணால் பார்ப்பது. பண்ணையிலிருந்து நேரடி வீடியோ போடுவதற்கு இவ்வளவு மதிப்பு வந்ததற்குக் காரணம் இதுதான், அழகான காட்சி அல்ல.

இந்த யோசனை யூடியூபுக்கு முந்தியது. 1970-களில் ஜப்பானில் பூச்சிக்கொல்லி பயத்தில் இருந்த இல்லத்தரசிகள் விவசாயிகளோடு நேரடியாகக் கைகோத்தார்கள். 'தெய்கெய்' என்று அதற்குப் பெயர். உழவரின் முகம் தெரிகிற உணவு என்பது அதன் அடிப்படை. 1980-களின் நடுவில் அமெரிக்காவில் இதே மாதிரி ஒரு முறை வந்தது: சீசன் தொடங்கும் முன்பே நுகர்வோர் பணம் கட்டிவிடுவார்கள், விளைச்சல் எப்படி இருந்தாலும் அதில் பங்கு.

தமிழ்நாட்டில் இதற்கு நன்கு தெரிந்த உதாரணம் அர்ச்சனா ஸ்டாலின். பொறியியல் படித்தவர். கணவர் ஸ்டாலினோடு சேர்ந்து 2018-ல் 'மை ஹார்வெஸ்ட் ஃபார்ம்ஸ்' என்ற முயற்சியைச் சென்னையில் தொடங்கினார். இயற்கை விவசாயிகளின் விளைச்சலைச் சந்தாதாரர் குடும்பங்களுக்கு நேரடியாகச் சேர்ப்பதும், அந்தக் குடும்பங்களைப் பண்ணைக்கே அழைத்து வந்து காட்டுவதும் அவர்கள் வழி. மழை பெய்து கீரை அழுகிப்போனால், 'ஸ்டாக் இல்லை' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவதைவிட ஏன் இல்லை என்று தெரிந்த வாடிக்கையாளர் அடுத்த வாரமும் இருப்பார்.

தென்கடலோரத்திலும் இது புதுசு இல்லை. 'தூத்துக்குடி மீனவன்', 'உங்கள் மீனவன் மூக்கையூர்' போன்ற யூடியூப் சேனல்கள் கடல் வேலையை உள்ளிருந்தே காட்டிப் பெரிய கூட்டத்தைச் சேர்த்தன. புதுக்கோட்டை மாவட்டத்து வில்லேஜ் குக்கிங் சேனல் 2021-ல் 1 கோடி சந்தாதாரர்களைத் தொட்டது. ஆனால் கவனித்தால், இந்த வரிசையில் கேமரா முன்னால் நிற்பவர்கள் ஆண்கள்.

விடிலியில் இருக்கும் பெண் ஃபோனை எடுத்தால்?

பனைக் குடும்பத்தில் ஒரு இளம்பெண் என்று வைத்துக்கொள்வோம். டிகிரி முடித்திருக்கிறார். சீசனில் அம்மாவோடு அடுப்படியில் நிற்கிறார். அவரிடம் ஃபோன் இருக்கிறது, டேட்டா இருக்கிறது. வெளியூர் விலாகர் யாருக்கும் தெரியாத ஒன்றும் அவருக்குத் தெரியும்: ஏன் இன்றைய கருப்பட்டி நேற்றையதைவிடக் கறுப்பு?

நுகர்வோர் கேட்கும் பெரும்பாலான புகார்களுக்கு விடை விடிலியில்தான் இருக்கிறது. சுண்ணாம்பு கொஞ்சம் கூடினால் நிறம் கறுக்கும். ஐப்பசி மழையில் சென்னைக்கு அனுப்பிய கருப்பட்டி கசியும், ஏனென்றால் அது காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சும் பொருள். "அக்கா, ஈரமா வந்திருக்கு, பணத்தைத் திருப்பிக் கொடுங்க" என்று எழுதுகிறவருக்கு, இங்கே அடுப்புக்கு மேல் பரணில் புகைபடும்படி வைப்பது எதற்காக என்று ஒரு நிமிஷ வீடியோ காட்டினால் சண்டை தீர்ந்தது. எல்லாக் கட்டியும் ஒரே நிறத்தில், ஒரே எடையில், பளபளவென்று இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பதையும் அவரால்தான் சொல்ல முடியும்.

இன்னொன்றும் அவர் சொல்லலாம், விற்பனைக்குக் கொஞ்சம் இடிக்கும் என்றாலும்: கருப்பட்டியும் சர்க்கரைதான். சுகர் உள்ளவர்கள் கருப்பட்டிக் காப்பியை அளவில்லாமல் குடிக்கலாம் என்று ரீல்ஸில் சொல்வதை நம்பக் கூடாது.

ஆனால் நடைமுறையில் இது லேசான காரியம் இல்லை. பாகு பதத்துக்கு வரும் நேரத்தில் ஒரு கையில் ஃபோன் பிடிக்க முடியாது. பிடித்தால் பதம் போச்சு. ஆர்டர் எடுப்பது, பேக் செய்வது, கூரியர் ஆபீஸுக்கு ஓடுவது, ராத்திரி கமெண்ட்டுக்குப் பதில் சொல்வது எல்லாம் அடுப்பு வேலைக்கு மேலே கூடுதல் வேலை. உணவுப் பாதுகாப்புத் துறையில் சிறு உற்பத்தியாளருக்கான அடிப்படைப் பதிவும் வேண்டும். இதையெல்லாம் தாண்டி, முகத்தைக் காட்டும் பெண் என்பதற்காகவே வருகிற மெசேஜ்கள். அந்தத் தொல்லையைப் பற்றி 'ஊக்கமூட்டும்' கட்டுரைகள் எதுவும் பேசுவதில்லை.

முன்பணம் என்று ஒரு கட்டும் இருக்கிறது. மரம் பெரும்பாலும் பனையேறிக்குச் சொந்தம் கிடையாது. பாட்டத்துக்கோ வாரத்துக்கோ எடுத்து ஏறுவார். சீசனுக்கு முன்னால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருந்தால், காய்ச்சிய கருப்பட்டி அவரிடம்தான் போக வேண்டும், அவர் சொல்லும் விலைக்கு. அப்படிப்பட்ட வீட்டில் மகள் எவ்வளவு நல்ல வீடியோ போட்டாலும் விற்பதற்குக் கையில் சரக்கு இருக்காது. ஃபோனுக்கு முன்னால் முன்பணத்தைத் தீர்க்க வேண்டியிருக்கிறது. நுகர்வோர் குழு ஒன்று சீசனுக்கு முன்பே பணம் கட்டும் ஜப்பான், அமெரிக்க முறை இங்கே பொருந்துவது இந்த இடத்தில்தான். வியாபாரி கொடுக்கும் அதே முன்பணம், வேறு நிபந்தனையில்.

பக்கம் யார் பெயரில்?

சீனாவின் லி சிச்சி கதை இங்கே பயன்படும். பாட்டியோடு மலைக்கிராமத்தில் வாழ்ந்து, விதைப்பது முதல் சமைப்பது வரை வீடியோவாக்கிய இளம்பெண். 2021-ல் 1.41 கோடி சந்தாதாரர்களோடு சீன மொழி யூடியூப் சேனல்களில் கின்னஸ் சாதனை படைத்தார். அதே ஆண்டு வீடியோ நின்றது. அவர் பெயரில் பொருட்களை விற்றுவந்த நிறுவனத்தோடு உரிமைச் சண்டை, நீதிமன்றம், பிறகு சமரசம். மறுபடி வீடியோ வந்தது 2024 நவம்பரில். முகம் அவருடையது, உழைப்பு அவருடையது. பெயரை வைத்து வியாபாரம் செய்யும் உரிமை யாருடையது என்பதில்தான் சண்டை.

உடன்குடிப் பக்கம் இது சின்ன அளவில் நடக்கக் கூடியதுதான். வெளியூர் பிராண்டு ஒன்று விடிலிக்கு வந்து, அம்மாவையும் மகளையும் படம் எடுத்து, பாக்கெட்டில் போட்டு, உள்ளே வேறு எங்கோ வாங்கிய சரக்கை நிரப்பினால்? பார்க்கிறவருக்கு வித்தியாசம் தெரியாது. வீடியோவிலும் கலப்படம் செய்யலாம். அதனால் பக்கத்தின் பாஸ்வேர்டு, ஆர்டர் வரும் ஃபோன் நம்பர், பணம் வரும் வங்கிக் கணக்கு மூன்றும் காய்ச்சுகிறவர் பெயரில் இருக்கிறதா என்பதுதான் முதலில் பார்க்க வேண்டியது. லைக் எண்ணிக்கை பிறகு.

காகிதத்தில் இவர் விவசாயியா?

2015-16 வேளாண் கணக்கெடுப்புப்படி, இந்தியாவில் நிலத்தைச் சாகுபடி செய்யும் பொறுப்பில் உள்ளவர்களில் பெண்கள் ஏறக்குறைய 14 சதவீதம்தான். வயலில் பெண்களின் உழைப்பு இதைவிட எத்தனையோ மடங்கு. நிலம் பெயரில் இல்லாததால் விவசாயி என்ற பட்டியலில் வருவதில்லை. நில உரிமை இருந்தாலும் இல்லாவிட்டாலும் உழைக்கும் பெண்ணை விவசாயி என்று சான்றளிக்க வேண்டும் என்று எம்.எஸ்.சுவாமிநாதன் மாநிலங்களவையில் மகளிர் விவசாயிகள் உரிமை மசோதா, 2011 என்ற தனிநபர் மசோதாவைக் கொண்டுவந்தார். அது நிறைவேறாமலே காலாவதியானது. 2026-ஐ ஐ.நா. சர்வதேசப் பெண் விவசாயிகள் ஆண்டாக அறிவித்திருக்கிறது.

தமிழ்நாடு அரசின் 2021 வேளாண் பட்ஜெட் பனைக்குத் தனி இயக்கம் அறிவித்தது. 76 லட்சம் பனை விதைகள், 1 லட்சம் கன்றுகள், ரேஷன் கடையில் கருப்பட்டி, மரத்தை வெட்ட ஆட்சியர் அனுமதி கட்டாயம். நல்ல அறிவிப்புகள். ஆனால் விதைத்த பனை பாளை விட வருஷங்கள் ஆகும். அதற்குள் ஏறுகிறவரும் காய்ச்சுகிறவரும் தொழிலில் இருக்க வேண்டும்.

நிலமும் இல்லை, மரமும் இல்லை, ஏறுவதும் இல்லை என்றால் விடிலிப் பெண் எந்தச் சட்டத்தில் வருகிறார்? புவிசார் குறியீட்டுச் சட்டம், 1999-ல் வருகிறார். விளைபொருளை உற்பத்தி செய்பவர் மட்டுமல்ல, அதைப் பதப்படுத்துகிறவரும் பாக்கெட் போடுகிறவரும் 'உற்பத்தியாளர்' என்கிறது அந்தச் சட்டம். வியாபாரம் செய்பவரையும் சேர்த்துக்கொள்கிறது என்பது வேறு விஷயம். முந்திக்கொள்வது பெரும்பாலும் அவர்கள்தான்.

குறியீடு கிடைத்துவிட்டது என்பதற்காக யார் வேண்டுமானாலும் பாக்கெட்டில் அச்சடித்துவிட முடியாது. சென்னை கிண்டியில் இருக்கும் புவிசார் குறியீட்டுப் பதிவகத்தில் 'அங்கீகரிக்கப்பட்ட பயனாளர்' என்று தனித்தனியாகப் பதிய வேண்டும். பொய்யாகப் பயன்படுத்தினால் 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். உடன்குடி கருப்பட்டி என்று வீடியோ போட்டு விற்கிற பெண், தன் பெயரில் இந்தப் பதிவையும் வைத்திருந்தால் பாக்கெட்டில் ஊரும் ஆளும் சேர்ந்தே இருப்பார்கள். அதற்கு நிலப் பட்டா தேவையில்லை, உற்பத்தி செய்வதைக் காட்ட வேண்டும். விண்ணப்பக் கட்டணம் முன்பு 500 ரூபாய். 2020-ல் விதிகளைத் திருத்தி 10 ரூபாயாகக் குறைத்திருக்கிறார்கள்.